தேர்ச்சீலையிலிருந்து பொங்கல் போஸ்டர் வரை: குடும்பத்தோடு ஊர் சுற்றி, விழாவுக்கு வரைகலை செய்யும் வழிகாட்டி

எங்கள் குடியிருப்பில் பொங்கல் விழா போஸ்டர் செய்யும் பொறுப்பு நான்கு வருடமாக என்னிடம் இருக்கிறது. முதல் வருடம் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கணினியில் ஒரு டெம்ப்ளேட்டை எடுத்து, பானை, கரும்பு, சூரியன், மாடு, மாவிலைத் தோரணம் எல்லாவற்றையும் அடுக்கி, மேலே தங்க நிறத்தில் எழுத்து வைத்தேன். மூலையில் முக்கோண உடம்போடு ஆடும் மனிதர்கள். அது வார்லி ஓவியம். மகாராஷ்டிரத்தின் தானே, பால்கர் மாவட்டங்களில் வாழும் பழங்குடி மக்கள் தங்கள் வீட்டுச் சுவரில் அரிசி மாவால் வரைவது. அருமையான கலை, ஆனால் நம் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் அது எப்படி வந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டிய அந்தப் போஸ்டரை யாரும் நின்று பார்க்கவில்லை. விழா எத்தனை மணிக்கு என்று என்னிடமே வந்து கேட்டார்கள்.

அடுத்த வருடம் தஞ்சாவூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு தேர்த் திருவிழா. தெருக்கோடியில் தேர் திரும்பியதுமே, அதில் சிவப்பும் வெள்ளையுமாகத் தொங்கிய தொம்பைகள், அதாவது உருளை வடிவத் துணி அலங்காரங்கள், கண்ணில் பட்டன. அப்போது ஏழு வயதாக இருந்த என் மகள், "ஏம்மா அது இவ்ளோ தூரத்துலயே தெரியுது?" என்று கேட்டாள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்விக்கான பதில்தான். நம் நாட்டுப்புறக் கலைகளின் கோடும் நிறமும் அழுத்தமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தூரத்திலிருந்து, மங்கிய வெளிச்சத்தில், கூட்டத்துக்கு நடுவே தெரிய வேண்டும். ஒரு விழா போஸ்டருக்கும் அதே தேவைதான். அதனால் படத்தை இணையத்தில் தேடுவதற்கு முன்னால் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.

படி 1: எந்த விழா என்று முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்

பொங்கலா, காதணி விழாவா, பள்ளி ஆண்டுவிழாவா, கொலுவுக்கு அழைப்பா என்று முதலில் தீர்மானியுங்கள். போஸ்டர் எங்கே ஒட்டப்படும், யார் பார்ப்பார்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். "கேட்டில் 6 அடிக்கு 4 அடி பேனர், லிஃப்ட் பக்கத்தில் ஏ3 போஸ்டர், வாட்ஸ்அப்பில் ஒரு படம்" என்று எழுதியிருந்தால் போதும். இது தெரியாமல் போனால் பார்ப்பதெல்லாம் அழகாக இருக்கும், எதை எடுத்துக்கொள்வது என்று தெரியாது.

பையில் அதிகம் வேண்டாம். ஆளுக்கு ஒரு கோடு போடாத நோட்டு, ஆளுக்கு ஒரு தடித்த கருப்பு மார்க்கர். பென்சிலும் ரப்பரும் கொடுக்காதீர்கள். அழிக்க முடியும் என்று தெரிந்தால் குழந்தைகள் கோட்டைத் தயங்கித் தயங்கிப் போடுவார்கள். மார்க்கர் என்றால் ஒரே இழுப்புதான், கோலம் போடுகிற கைக்கு அழிக்கும் வேலை இல்லாத மாதிரி.

நோட்டு எடுத்துப் போக இன்னொரு காரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. போனை வெளியே கொடுத்துவிட்டு உள்ளே போகும்போது நோட்டு மட்டும்தான் கூட வரும். என் அனுபவத்தில் அது நல்லதாகத்தான் முடிந்திருக்கிறது. வரைந்தவை மனதில் நின்றன, படமெடுத்தவை போனிலேயே தங்கிவிட்டன.

படி 2: எங்கே போகலாம்

ஒரு நாளுக்கு ஒரு இடம். இரண்டாவது இடம் வேண்டுமென்றால் அது போகிற வழியில் இருக்க வேண்டும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு எளிதானது கிழக்குக் கடற்கரைச் சாலை. முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா 1996இல் திறக்கப்பட்டது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் தூணும் கதவும், நெசவாளர் வீடு, அய்யனார் சிலைகள் என்று ஒரு நாள் போதாது. செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல் ஓவியர் கிராமம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து உருவாக்கிய இடம். பணிக்கரே ஜாதகக் கட்டங்களையும் எழுத்துப் போன்ற கிறுக்கல்களையும் தன் ஓவியத்துக்குள் கொண்டுவந்தவர். நாட்டு வழக்கில் இருப்பதைப் பார்த்து ஒருவர் புதிதாக ஒன்று செய்வது எப்படி என்று குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கண்ணகி நகர் இருக்கிறது. 2020இல் அங்கே குடியிருப்புகளின் பக்கச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரையப்பட்டன. மாடி உயரத்துக்கு ஒரு முகத்தை வரையும்போது எதை விட்டுவிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றால் அங்கே போக வேண்டும். ஆனால் அது மக்கள் குடியிருக்கும் இடம், கண்காட்சி இல்லை. வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சுவரைப் படமெடுங்கள். வீட்டையும் ஆட்களையும் எடுக்காதீர்கள். டீயும் பஜ்ஜியும் அந்தத் தெருக் கடையிலேயே சாப்பிடுங்கள்.

பணமே செலவாகாத இடம் மார்கழித் தெரு. காலை 6 மணிக்கு உங்கள் தெருவிலேயே நடக்கலாம். சென்னையில் ஜனவரியில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி நடக்கும். சாலை முழுக்கக் கோலம், அதைச் சுற்றிக் காவிக் கரை. பொங்கல் சமயத்தில் சென்னை சங்கமம் நிகழ்ச்சிகளில் கரகம், பறை, பொய்க்கால் குதிரை என்று பூங்காக்களிலும் திடல்களிலும் இலவசமாகப் பார்க்கலாம்.

இரண்டு நாள் கிடைத்தால் காரைக்குடிப் பக்கம் போங்கள். ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்வதை நேரில் காட்டும் பட்டறைகள் இருக்கின்றன. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறச் சிமென்ட் கரைசலை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமென்டும் போட்டு, கரண்டியால் அழுத்தி, காயவைத்து, தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். கடைசியில் கண்ணாடி கழன்று வந்தால் அந்தப் பக்கம் பளபளவென்று இருக்கிறது. முகம் முதலில், முதுகு பிறகு. ஒரு நிறத்துக்கு ஓர் அறை, நிறங்கள் ஒன்றோடொன்று குழையாது. தட்டை நிறம் என்றால் என்ன என்று என் மகனுக்கு நான் எத்தனையோ முறை சொல்லிப் புரியாதது, அந்த அச்சைப் பார்த்த ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது.

அங்கிருந்து புதுக்கோட்டை போகும் வழியில் நமுணசமுத்திரம். அய்யனார் கோயிலுக்குப் போகும் பாதையின் இருபக்கமும் சுடுமண் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. அவை நேர்த்திக்கடன். ஊர்க்காரர்கள் ஒரு பிடி மண் எடுத்துக் கொடுக்க, மண் வேலை செய்யும் வேளார் குடும்பங்கள் செய்து தருவது, புரவி எடுப்பு என்ற விழா நாளில் ஊர்வலமாகக் கொண்டுபோய் நிறுத்துவது. குதிரையின் கழுத்து மணியையும் பல்லையும் கவனியுங்கள். உடம்பு வெறும் உருளை, ஆனால் மணியும் கண்ணும் பல்லும் பெரிது. எது தெரிய வேண்டுமோ அதைப் பெரிதாக்கிவிட்டார்கள்.

வட மாவட்டத்துக்காரர்கள் பங்குனி முதல் ஆனி வரை திரௌபதி அம்மன் கோயில்களின் பாரதத் திருவிழாவைத் தவற விடாதீர்கள். இரவெல்லாம் தெருக்கூத்து, கடைசியில் பகலில் படுகளம், அதாவது துரியோதனன் விழும் போர்க்களக் காட்சி. களிமண்ணால் தரையில் படுத்த நிலையில் துரியோதனனைப் பல அடி நீளத்துக்குச் செய்து வண்ணம் பூசியிருப்பார்கள். கூத்தில் கட்டும் கிரீடமும் தோளில் அணியும் புஜகீர்த்தியும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை, மேலே வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டும் ஒட்டியவை. முன்பு எண்ணெய்ப் பந்தத்தின் வெளிச்சத்தில் ஆடியது இது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் ராஜா வருகிறார் என்று தெரிவதற்குத்தான் அந்தக் கண்ணாடி.

எங்கும் போக முடியவில்லையா? பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது ஜன்னல் பக்கம் உட்காருங்கள். சுவர் விளம்பரங்களை எழுதிய கைகள் ஓடும் வண்டியில் இருப்பவர் படிக்க எழுதியவை. வீட்டில் பழைய தீப்பெட்டிகள் இருந்தால் அந்த லேபிள்களையும் பாருங்கள். எழுத்துத் தெரியாதவர்கூட மயில் மார்க், குதிரை மார்க் என்று கேட்டு வாங்குவதற்காக உள்ளங்கையில் அடங்கும் காகிதத்தில், நாலைந்து நிறத்தில் அச்சடித்தவை அவை.

படி 3: பார்க்கும் விதம்

இதில் அவசரப்படாதீர்கள். இந்தப் படியை ஒழுங்காகச் செய்தால் மீதி வேலை பாதியாகக் குறையும்.

எந்த இடத்துக்குப் போனாலும் நாங்கள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் மூன்று: இது யாருக்காகச் செய்தது, எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்க, எந்த வெளிச்சத்தில்? தொம்பை என்றால் தேரோடு நகர்ந்துகொண்டே இருப்பது, உயரத்தில் தொங்குவது, வெயிலிலும் இரவு விளக்கிலும் தெரிய வேண்டியது. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி. அந்த உயரத்தில் நுணுக்கமான கோடு போட்டு யார் பார்க்கப் போகிறார்கள்? அதனால்தான் துணியை வெட்டி, சிவப்பின் மேல் வெள்ளையும் மஞ்சளும் பச்சையுமாக ஒட்டுப்போட்டு, விளிம்பைத் தனியாகத் தைத்து எடுத்துக்காட்டுகிறார்கள். வாசல் கோலத்துக்குத் தூரம் குறைவு, பார்ப்பவர் நின்றபடி குனிந்து பார்க்கிறார். அங்கே சிக்கும் நெளிவும் இருக்கலாம், இருக்கிறது.

அப்புறம் ஒரு விளையாட்டு. ஒரு உருவத்துக்கு முன்னால் பத்தடியில் நின்று ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு ஐம்பது அடி பின்னால் போய்த் திரும்பிக் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். இன்னும் என்ன தெரிகிறது? தெரிவதை மட்டும் மார்க்கரால் வரையச் சொல்லுங்கள். என் மகன் நமுணசமுத்திரத்தில் வரைந்தது நாலு கால், ஒரு வளைந்த கழுத்து, ஒரு வட்டக் கண். பின்னணி, தூண், மரம் எதுவும் இல்லை. அந்தப் பக்கத்தில் இருந்த உறுதியை நான் கணினியில் பல மணி நேரம் உட்கார்ந்தும் கொண்டுவந்ததில்லை.

நிறங்களை எண்ணச் சொல்லுங்கள். குழந்தைகள் முதலில் "நிறைய" என்பார்கள். விரல் விட்டு எண்ணினால் பெரும்பாலும் நாலு, ஐந்துதான் வரும். அதில் ஒன்று எப்போதும் அதிக இடத்தை எடுத்துக்கொண்டிருக்கும். தொம்பையில் சிவப்பு, கோலத்தில் வெள்ளை, சுடுமண்ணில் மண் நிறம். இரண்டாவது நிறம் அதில் பாதி, மற்றவை கிள்ளிப் போட்டது மாதிரி. எந்த நிறம் எவ்வளவு என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் மகள் இதைச் சமையல் அளவு மாதிரி எழுதுகிறாள்: சிவப்பு 5 பங்கு, வெள்ளை 2 பங்கு, மஞ்சள் 1 பங்கு, கருப்பு அரைப் பங்கு. போஸ்டர் செய்யும்போது அந்தத் தாள்தான் எனக்கு வழிகாட்டுகிறது.

கரையையும் மறக்காமல் பாருங்கள். தொம்பையின் அடியில் முக்கோண வரிசை, கோலத்தைச் சுற்றிக் காவி, செட்டிநாட்டு வீட்டில் தரையின் நடுப்பகுதியைச் சுற்றி வேறு கல் வரிசை. நம் கலைகளில் ஓர் உருவம் காற்றில் மிதந்துகொண்டு இருப்பது குறைவு. அதற்கு ஓர் எல்லை கட்டிவிடுவார்கள்.

படி 4: கேட்பதும் கொடுப்பதும்

வேலை செய்துகொண்டிருப்பவரைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். "ஐயா, பசங்க பார்த்து வரையலாமா?" என்று கேட்டால் எனக்கு இதுவரை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சிறிதாக ஏதாவது வாங்குங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். ஒரு தனிக் கலைஞர் வரைந்த படத்தை ஸ்கேன் செய்து போஸ்டரில் வைப்பது வேறு, ஒரு மரபின் அமைப்பைப் பார்த்து நீங்களே வரைவது வேறு. முதலாவதற்கு அனுமதியும் பணமும் கொடுத்தே ஆக வேண்டும். பட்ஜெட் இருந்தால் நேராகக் கலைஞரிடமே வேலையைக் கொடுங்கள். துணியில் கையால் வரையும் கருப்பூர் கலம்காரி 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. கோயில்களுக்கு விதானமும் தொம்பையும் வரையும் மரபு அது. விழாப் பந்தலுக்கு ஒரு துணியை வரைந்து வாங்கினால் பல வருடம் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயத்தை என் மாமியாரிடம் கற்றுக்கொண்டேன். கொலு அழைப்புக்குக் காகிதத் தட்டில் அம்மன் முகம் அச்சடிக்கலாம் என்று நான் சொன்னபோது அவர் கேட்டார்: "ஏம்மா, சாப்பிட்டுட்டு அதைக் குப்பையிலதானே போடுவாங்க?" அத்தோடு அந்த எண்ணத்தை விட்டேன். சாமி உருவங்கள், நேர்த்திக்கடன் குதிரைகள் எல்லாம் கும்பிடப்படுபவை. மிதிபடும் இடத்திலும் தூக்கி எறியும் பொருளிலும் அவற்றை வைக்காதீர்கள். கரை, பூ, கிளி, புள்ளி, கட்டம் என்று எடுத்துக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது.

படி 5: வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோல்

கணினியை இன்னும் திறக்க வேண்டாம். நோட்டுகளை எல்லாம் தரையில் விரித்து வையுங்கள். ஒரே ஒரு உருவத்தைத் தேர்ந்தெடுங்கள். குழந்தைகள் சண்டை போடுவார்கள், போடட்டும். தேர்வாகாதது அடுத்த விழாவுக்கு.

எங்கள் இரண்டாம் வருடப் போஸ்டரை எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன். தொம்பையின் நீள உருளை வடிவத்தை எடுத்துக்கொண்டோம். மேலே ஒரு பட்டை, நடுவில் ஓர் உருவம், அடியில் முக்கோணக் கரை. உருவத்துக்குப் பதில் நடுவில் பொங்கல் பானை. சிவப்பு சார்ட் பேப்பரைப் பின்னணியாக வைத்து, மகள் வெள்ளைக் காகிதத்தில் பானையை வெட்டினாள். முதலில் கரும்பு, மஞ்சள் கொத்து, சூரியன் எல்லாம் வெட்டினாள். ஒட்டாமல் மேலே வைத்துப் பார்த்துவிட்டு, ஐம்பது அடி விளையாட்டை வீட்டு வராந்தாவில் ஆடினோம். கரும்பு இல்லாமலே பொங்கல் என்று தெரிந்தது. எடுத்துவிட்டோம். பானையின் கழுத்தில் கட்டிய மஞ்சள் கொத்து மட்டும் நின்றது, அதுவும் நாலு இலையும் ஒரு கிழங்குமாக. மகன் முக்கோணங்களை வெட்டினான். ஒன்றுக்கொன்று அளவு சரியில்லை. நான் அவற்றைத் திருத்தவில்லை, கையால் வெட்டியது என்று அதுதான் சொல்கிறது.

காகிதத்தை வெட்டி வைப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. நுணுக்கமாக வெட்ட முடியாது. தேவையில்லாதது தானாக உதிர்ந்துவிடும்.

படி 6: நிறம்

நோட்டில் எழுதிய பங்குக் கணக்கை இப்போது எடுங்கள். மூன்று நிறம் போதும், காகிதத்தின் நிறத்தையும் சேர்த்து நாலு. நான் பெரும்பாலும் எடுப்பது காவிச் சிவப்பு, மஞ்சள், கரிக் கருப்பு, சுண்ணாம்பு வெள்ளை. அச்சுக்குக் கொடுக்கும்போது, நாலு அச்சு மைகளின் சதவீதக் கணக்கில், சிவப்புக்கு மெஜந்தா 95, மஞ்சள் 90, சயான் 10, கருப்பு 5 என்று வைக்கிறேன். மஞ்சளுக்கு மஞ்சள் 95, மெஜந்தா 25. திரையில் தெரியும் பளிச்சென்ற பச்சையும் ஊதாவும் அச்சில் மங்கித்தான் வரும், அவற்றை நம்பாதீர்கள். ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மெதுவாகக் கரையும் கிரேடியன்ட், எழுத்துக்கு நிழல், தங்க மினுக்கு மூன்றும் வேண்டாம். ஆத்தங்குடி அச்சை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: எழுத்து

நம் விழா போஸ்டர்கள் பெரும்பாலும் கெடுவது படத்தால் இல்லை, எழுத்தால். அழகான படத்தின் மேல் கணினி தந்த முதல் எழுத்துருவை வைத்துவிடுகிறோம்.

தலைப்பைக் கையால் எழுதிப் பாருங்கள். தடித்த தட்டைத் தூரிகையும் போஸ்டர் கலரும் போதும். சுவர் எழுத்துக் கலைஞர்கள் செய்வது போல முதலில் மேலும் கீழும் இரண்டு கோடு போட்டு, எழுத்தை அந்த உயரம் முழுக்க நிரப்புங்கள். 'பொங்கல்' என்ற சொல்லைப் பாருங்கள்: கொம்பின் சுழி, ங்கவின் கட்டம், கடைசியில் லகரத்தின் வளைவு. வட்டமும் கோணமும் அதிலேயே இருக்கின்றன. இன்னொன்று, அதில் இரண்டு புள்ளி இருக்கிறது. கோலத்தின் உயிரும் புள்ளிதான். மூன்றாம் வருடம் நாங்கள் பின்னணியில் புள்ளிக் கோலத்தின் புள்ளிகளை வரிசையாக வைத்து, எழுத்தின் இரண்டு புள்ளிகளும் அந்த வரிசையிலேயே வந்து உட்காரும்படி தலைப்பை அமைத்தோம். வேறு படமே இல்லை. என் மாமியார் போட்ட 7 புள்ளி 7 வரிசைக் கோலமும் ஒரு சொல்லும்தான். இதுவரை செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

கையால் எழுத வராவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் யூனிகோட் எழுத்துருக்கள் இருக்கின்றன. தடித்த தலைப்புக்குப் பலூ தம்பி நன்றாக இருக்கும், உருண்டையாக, தூரத்திலிருந்து தெரியும். சாய்ந்த கையெழுத்துச் சாயல் வேண்டுமென்றால் கவிவனார். நேரம், இடம் போன்ற சிறிய எழுத்துக்கு முக்த மலர் அல்லது ஹிந்த் மதுரை. ஒரு போஸ்டரில் இரண்டு எழுத்துருவுக்கு மேல் வேண்டாம். எழுத்தைப் பக்கவாட்டில் இழுத்து அகலமாக்காதீர்கள். தமிழில் கி, கீ போல மேலே வளைவும் கு, கூ போலக் கீழே சுழியும் இருப்பதால் வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்துக்கு விடுவதைவிட அதிக இடம் விடுங்கள். சொல் நீளமாக இருந்தால் நடுவில் ஒடிக்காதீர்கள், எழுத்தின் அளவைக் குறையுங்கள் அல்லது வேறு சொல் தேடுங்கள். 'குடும்பத்தினர் அனைவரும் வருக' என்பதைவிட 'எல்லோரும் வாங்க' சிறியது, பெரிதாக எழுதலாம்.

படி 8: கணினியும் அச்சகமும்

வெட்டி வைத்த காகிதங்களை ஜன்னல் ஓரம், நிழல் விழாத பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், போனைத் தாளுக்கு நேராகப் பிடித்துப் படமெடுங்கள். இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் 'டிரேஸ் பிட்மேப்' கொடுத்தால் அது கோட்டு வடிவமாக மாறிவிடும், பிறகு பேனர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் உடையாது. அப்படி மாற்றாமல் படமாகவே வைப்பதென்றால் ஏ3 போஸ்டருக்கு 3508க்கு 4961 பிக்சல் வேண்டும். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீட், அதாவது வெட்டும் கோட்டைத் தாண்டியும் நிறம் நீளும் ஓரம், விடுங்கள், கட்டிங்கில் வெள்ளைக் கோடு தெரியாது. இது அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கு; பெரிய பேனருக்கு இவ்வளவு நெருக்கம் தேவையில்லை, அங்குலத்துக்கு 100 இருந்தால் போதும்.

அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் எழுத்தையெல்லாம் கர்வ்ஸ் செய்துவிடுங்கள், அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக மாற்றிவிடுங்கள். முதல் வருடம் நான் செய்யவில்லை. நான் யூனிகோடில் அடித்தது அச்சகக் கணினியில் திறந்தபோது கொம்பு இடம் மாறி, பொங்கல் வேறு ஏதோவாகிவிட்டது. நல்ல வேளையாக ஒரு மாதிரித் தாள் எடுத்துப் பார்த்ததால் தப்பித்தோம். மாதிரித் தாளைக் கேட்டு வாங்குங்கள், அதை உங்களைத் தவிர வேறு ஒருவரும் படிக்கட்டும். தேதியையும் கிழமையையும் சேர்த்துச் சரிபாருங்கள்.

ஃபிளெக்ஸுக்குப் பதில் காடா துணியில் ஸ்க்ரீன் பிரின்ட் செய்து பாருங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்க்ரீன் என்பதால் மூன்று நிறப் போஸ்டர் இங்கேயும் கை கொடுக்கும். ஆண்டை மட்டும் தனித் துணியில் எழுதித் தைத்தால் அடுத்த வருடமும் அதே பேனர். பொதுச் சாலையில் அனுமதியில்லாமல் எதையும் கட்டாதீர்கள், கேட்டுக்கு உள்ளேயே போதும்.

வாட்ஸ்அப்புக்கு 1080க்கு 1350 பிக்சலில் தனியாக ஒன்று செய்யுங்கள். ஏ3 போஸ்டரை அப்படியே சுருக்கி அனுப்பினால் நேரமும் இடமும் படிக்க முடியாது. படம், விழாவின் பெயர், நாள், நேரம், இடம் போதும். அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்பினால் தெளிவு குறையாது.

படி 9: விழா நாளில்

மிச்சமான காகித முக்கோணங்களை நூலில் கோத்தால் தோரணம். வெட்டிய அட்டைகளை அச்சாக வைத்து மகன் காலையில் வாசலில் கோலப்பொடி தூவினான், பானை வடிவம் தரையில் விழுந்தது. சின்னக் குழந்தைகள் ஆளுக்கு ஒன்று போட வரிசையில் நின்றார்கள். போஸ்டரின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தோம்: "தஞ்சைத் தேர்த் தொம்பையைப் பார்த்து வரைந்தது". அந்த வரியைப் படித்துவிட்டு இரண்டாம் மாடியில் இருக்கும் ஒரு பெரியவர் தன் ஊர்த் தேரைப் பற்றி என் மகளுக்கு அரை மணி நேரம் சொன்னார். அந்த ஒரு வரியை நீங்களும் விட்டுவிடாதீர்கள்.

விழா முடிந்ததும் வெட்டிய காகிதங்களை ஒரு கோப்பில் போட்டு வருடத்தை எழுதி வையுங்கள். எங்களிடம் மூன்று கோப்பு இருக்கிறது. இந்த வருடம் படுகளம் பார்க்கப் போகிறோம். துரியோதனன் எவ்வளவு நீளம் என்று அளக்க டேப் எடுத்துக்கொள்ளலாமா என்று மகன் கேட்டான். டேப் வேண்டாம், ஓரமாக நடந்து காலடியால் எண்ணிக்கொள், நோட்டில் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.